தில்லையம்பலத்தாரின் இரும்பு அலுமாரி

தில்லையம்பலத்தாருக்குச் சுட வேண்டிய எதிரி என்று உலகத்தில் எவரும் கிடையாது. அவர் சுட ஆசைப்பட்டது கடதாசியில் அச்சடித்த ஒரு கறுப்பு வட்டத்தை மட்டும்தான். வலது கண் முற்றாக மங்கிப்போவதற்கு முன், இரண்டாம் உலகப் போரில் உழைத்து ஓய்ந்த பழைய இராணுவத் துவக்கு ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஒரு கோடைகாலமாவது ஆறுதலாகப் படுத்திருந்து சுட வேண்டும். அவ்வளவுதான். லண்டன் இல்ஃபோர்டில் அவரை அறிந்தவர்கள் அவரை விவரமான மனிதர் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பச்சைப் பிள்ளையாக இருந்துவிட்டார்.

ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவருக்கு இங்கே எதற்குத் துவக்கு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கு அவர் ஹோலில் தொங்கும் படத்தைக் காட்டுவார். அதில் அவர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியோடு ஒரு குதிரை வண்டியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மனைவி தவமலர் காஞ்சிபுரம் சேலையும் தலையில் சின்னக் கிரீடமுமாக இருப்பாள். வண்டிக்கு முன்னால் தொப்பை பெருத்த ஜெர்மன்காரர்கள் வாத்தியம் வாசித்துக்கொண்டு போவார்கள். ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணத்தில், கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், அவரது மேற்பார்வையாளர் அவரைத் தங்கள் துவக்குச் சங்கத்துக்கு அழைத்துப் போனார். அந்தச் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை உயரத்தில் ஒரு மரப்பறவையைக் கட்டி வைத்துச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துபவர் அந்த வருடத்து ராசா. ஒரு கோடையில் அந்தத் துண்டு தில்லையம்பலத்தாரின் குண்டுக்கு விழுந்தது.

ராசா பட்டம் ஒரு வருடத்தில் போய்விட்டது. ஆனால் அங்கே அவர் வேறொன்றைக் கண்டுகொண்டார். துவக்கைத் தோளில் அணைத்து, மூச்சை நிறுத்தி, விசையை அழுத்துவதற்கு முன்னர் ஒரு கணம் வருமே, அந்தக் கணத்தில் அவர் தலைக்குள் எந்தச் சத்தமும் இருக்காது. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. இதை அவர் தவமலரைத் தவிர வேறு எவருக்கும் சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்து, குட்மேய்ஸில் கடை நடத்தி, பிள்ளைகளைக் கரைசேர்த்து, கடையையும் விற்றாயிற்று. இனித் துவக்கு என்று அவர் நிமிர்ந்தபோது கண் டாக்குத்தர் அவரை உட்கார வைத்துப் பேசினார். வலது கண்ணின் நடுப்பகுதி மெல்ல மெல்ல மங்கிவருகிறது. ஊசி போட்டு அதைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த ஏலாது என்றார். கொஞ்சக் காலம் இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். தில்லையம்பலத்தார் அடுத்த ரெயினில் எசெக்ஸில் உள்ள பழந்துவக்குக் கடைக்குப் போனார். அங்கே அவர் தேடிய போர்க்காலத்து லீ என்ஃபீல்ட் துவக்கு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மரப் பிடியில் எந்தச் சிப்பாயோ ஆணியால் ஒரு சின்ன மீன் கீறியிருந்தான். கடைக்காரர் தில்லையம்பலத்தாரின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அதன் கழுத்தில் கட்டிவிட்டு, சேர்டிபிகேட்டோடு வாருங்கள், இது எங்கும் போகாது என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

துவக்கு வைத்திருக்க அனுமதிக்கும் அந்தச் சேர்டிபிகேட் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்றில் முதலில் உறுப்பினராக வேண்டும். கிழக்கு லண்டனில் ரெயில் பாலத்தின் கீழே ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் மிஸ்டர் பெம்பர்டன் சின்னச் சின்னத் துவக்குகள் பின்னிய கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். முன் அனுபவம் உண்டா என்று அவர் கேட்டதற்கு, ஜெர்மனியில் ஒரு வருடம் ராசாவாக இருந்தேன் என்று தில்லையம்பலத்தார் உள்ளதைச் சொன்னார். பெம்பர்டன் படிவத்தில் அனுபவம் இல்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு சங்கத்தின் பெருமையைச் சொன்னார்.

"எங்கள் பாதுகாப்புச் சாதனையை இந்த நாட்டில் எந்தச் சங்கமும் நெருங்க முடியாது. இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு சிறு விபத்துக்கூட இல்லை. கூரை ஒழுகுவதால் ஒருவரும் சுடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதற்காக எங்கள் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது."

பயிற்சிக்காலம் சில மாதங்கள்தான் என்று விதி சொன்னது. ஆனால் சுட்ட நாள்தான் பயிற்சி நாள். கூரை ஒழுகும் நாளில் சுட முடியாது. சுடாத நாள் கணக்கில் சேராது. எனவே தில்லையம்பலத்தார் சனிக்கிழமை தோறும் எலிசபெத் லைன் ரெயினில் போய், வாளிகள் வைத்த மண்டபத்தில் தேத்தண்ணி குடித்து, துவக்கின் தோல்வாருடைய வரலாறு பற்றிய உரையைக் கேட்டுவிட்டு வந்தார். தோல்வாரின் வரலாறு மூன்று பாகம். இரண்டாம் பாகத்தில் பெம்பர்டனுக்குத் தடிமன் வந்து மூக்கடைத்தபடியால் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

கூரை ஒருவாறு திருத்தப்பட்டு, அவர் முழு உறுப்பினராகி, விண்ணப்பமும் போட்டார். என்ன காரணத்துக்குத் துவக்கு என்ற கேள்விக்கு, பழம்பொருள் சேர்ப்பதற்கும் இலக்குச் சுடுவதற்கும் என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காக, அனுமதி வழங்கும் அலுவலகத்திலிருந்து மிஸ் கார்ட்ரைட் என்ற அதிகாரி ரெலிபோனில் வந்தார். அவர் குரலில் தேன் இருந்தது. சேர்ப்பவர் என்றால் நீங்கள் அதைச் சுடக் கூடாது, சுட்டால் அது சேகரிப்பு அல்ல என்றார். சுடுபவர் என்றால் நீங்கள் அதை ஒழுங்காகச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சுடாவிட்டால் அது உங்களுக்குத் தேவையில்லை என்று அர்த்தம், எடுத்துப் போய்விடுவோம் என்றார். பழைய துவக்கைப் பிடித்துத்தானே வாங்குகிறேன், பிடித்ததைச் சுடக் கூடாதா என்று தில்லையம்பலத்தார் கேட்டார். பிடிக்கும் என்பது அவர்களிடம் உள்ள காரணப் பட்டியலில் இல்லை என்றும், துவக்கைப் பிடிக்கும் என்று சொல்பவர்களை அவர்கள் தனியாகக் கவனிப்பதுண்டு என்றும் மிஸ் கார்ட்ரைட் அன்போடு தெரிவித்தார். தில்லையம்பலத்தார் உடனே, பிடிக்காது, சுட மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது நன்னடத்தைக்கு இரண்டு சாட்சிகள். உறவினராக இருக்கக் கூடாது. கணக்காளர் ஆனந்தராஜாவும் பல் டாக்குத்தர் கொட்வினும் சம்மதித்தார்கள். அலுவலகம் இருவரையும் ரெலிபோனில் விசாரித்தது. ஆனந்தராஜா, அவர் எங்களுக்கு அண்ணன், எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்பவர் என்று மனதாரப் புகழ்ந்தார். கொட்வினும் அவர் சொந்த அண்ணன் போல என்றார். சகோதரர்கள் சாட்சி சொல்ல முடியாது என்று இரண்டும் தள்ளுபடியாகின. தில்லையம்பலத்தார் வேறு இருவரைப் பிடித்தார். அவர்களில் ஒருவர் அவரைச் சித்தப்பா என்றார், மற்றவர் மாமா என்றார். விண்ணப்பதாரரின் குடும்பம் மிகவும் பெரியது, அதன் எல்லை இன்னும் தெரியவரவில்லை என்று அலுவலகம் குறித்துக்கொண்டு, விசாரணையை நீட்டியது. கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும், எதிரே பூக்கடை வைத்திருந்த போலந்துப் பெண்ணும் அவரை எவ்வித உறவும் சொல்லாமல் பெயர் சொல்லி அழைத்துக் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு காலத்தில் அவருடைய கண்ணும் சும்மா இருக்கவில்லை. இடது கண்ணைப் பொத்தினால் பஸ் நம்பரின் நடு இலக்கம் காணாமல் போயிற்று. பிறகு எதிரே வருபவரின் மூக்குப் போயிற்று. குடும்ப டாக்குத்தரின் அறிக்கை ஒன்று தேவைப்பட்டபோது தில்லையம்பலத்தார் பயந்துகொண்டே போனார். கண்ணைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மனதைப் பற்றித்தான் கேட்டார்கள். கவலை உண்டா, நம்பிக்கை இழந்தது போல் இருக்கிறதா, எதையும் செய்ய முடியாமல் கை கட்டப்பட்டது போல் உணர்கிறீர்களா என்று டாக்குத்தர் ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றுக்கும் ஓம் என்பதுதான் உண்மை. ஓம் என்றால் துவக்கு இல்லை. நான் மிகவும் சந்தோசமாக இருக்கிறேன் என்று தில்லையம்பலத்தார் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் சிறிது நேரம் நின்று அழுதார்.

இனி மிச்சம் இரும்பு அலுமாரி. சுவரோடு அறைந்த இரும்பு அலுமாரி இல்லாத வீட்டுக்கு அதிகாரி பார்வையிட வர மாட்டார். துவக்கு வருவதற்கு முன்பே துவக்குக்கு வீடு வேண்டும். படுக்கையறையில், உடுப்பு அலுமாரிக்குள், நான்கு கனத்த ஆணிகளால் அதைப் பொருத்தினார்கள். அதன் சாவி எங்கே இருக்கிறது என்பது தில்லையம்பலத்தாரைத் தவிர வேறு எவருக்கும், மனைவிக்கும்கூட, தெரியக் கூடாது என்பது விதி.

இந்த விதியை எழுதியவர்கள் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒரு நாளாவது இருந்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் தில்லையம்பலத்தாரின் கண்ணாடி எங்கே, பாஸ்போர்ட் எங்கே, குளிருக்குக் காலில் போடும் மேசு எங்கே என்பதெல்லாம் தவமலருக்குத்தான் தெரியும். அவர் கேட்பார், அவள் இருந்த இடத்திலிருந்தே சொல்வாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு சாவியை ஒளிப்பது எப்படி? அவர் அதைச் சப்பாத்துக்குள் வைத்தார். அவள் சப்பாத்தைத் துடைக்க எடுத்தபோது அது விழுந்தது. பழைய ஜெர்மன் அகராதிக்குள் வைத்தார். தூசு தட்டும்போது விழுந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில்தான் இரண்டு தெரு தள்ளி இருந்த தவமலரின் சிநேகிதி றொஷானி வீட்டில் களவு போனது. மோர்டனில் வயதுக்கு வந்த பிள்ளை ஒன்றின் சாமத்திய வீட்டுக்குக் குடும்பமாகப் போய்வருவதற்குள் பின்கதவை உடைத்து நகையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தச் சனி ஞாயிறில் எந்தத் தமிழ்க் குடும்பம் மண்டபத்தில் நிற்கும் என்று கள்ளருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தவமலர் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சாவியைக் கேட்டாள். அது தரக் கூடாத சாவி என்று அவர் சட்டத்தை விளக்கினார்.

"உள்ளுக்கை என்ன கிடக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு இவ்வளவு பெரிய பூட்டு. என்ரை சீதனமெல்லாம் தலகணி உறைக்கை கிடக்குது. துவக்கு வந்த அண்டைக்கு நான் எடுக்கிறன், இப்ப தாங்கோ."

துவக்கு இல்லாத அலுமாரிக்குத் துவக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று அவரும் தன் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அட்டியலும் காப்புகளும் பிள்ளைகளின் முதல் சங்கிலிகளும் ஒரு பட்டுத் துணியில் சுற்றப்பட்டு இரும்பு அலுமாரிக்குள் போயின. நவராத்திரி வந்தபோது தவமலர் அதன் கதவில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள்.

மிஸ் கார்ட்ரைட் பார்வையிட வந்தது அதற்குப் பிறகுதான். ஆணிகளை இழுத்துப் பார்த்தார். இரும்பின் தடிப்பை அளந்தார். பொட்டைக் கண்டு, இது துருவா என்று கேட்டார். திறக்கச் சொன்னார். பட்டுத் துணியைக் கண்டதும் தேன் குரல் மாறவில்லை, முகம்தான் மாறியது. தவமலரைத் தனியே அழைத்து, இந்தப் பொருளை உள்ளே வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று தவமலர் பெருமையாகவே சொன்னாள். சாவி எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கும், எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று சிரித்தாள். அவள் அந்த நாட்டில் அதிகாரி ஒருவருக்குச் சொன்ன மிக உண்மையான வார்த்தை அது.

"இது மிகப் பாரதூரமான விஷயம், மிஸ்டர் தில்லை," என்றார் மிஸ் கார்ட்ரைட். "உங்கள் மனைவி இந்தத் துவக்கை எடுக்கக் கூடிய நிலையில் இருக்கிறார். இன்னும் துவக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இல்லாத துவக்கையே பாதுகாக்கத் தெரியாத ஒருவரிடம் உள்ள துவக்கை எப்படி நம்பிக் கொடுப்பது?"

நகையை அகற்ற வேண்டும், சாவியை மனைவி அறியாத இடத்துக்கு மாற்ற வேண்டும், அதையும் அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தில்லையம்பலத்தார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதம் என்பது அவர் கண்ணில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். துவக்கு வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன், உம்முடைய நகை உள்ளேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னார். தவமலர் கேட்கவில்லை. அவள் பட்டுத் துணியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்கடை கண் திரும்பி வராது. நகை எங்கை வைச்சாலும் நகைதானே. நான் அரிசி வாளிக்குள்ளை வைக்கிறன். ஆர் வந்து அரிசிக்கை தேடப் போறான்?"

கள்ளர் அரிசிக்குள்தான் முதலில் தேடினார்கள். எங்கள் ஆட்களின் வீட்டில் எங்கே தேடுவது என்று அவர்களுக்குப் பாடமாகியிருந்தது. குட்மேய்ஸில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்து பார்த்தால் குசினி முழுக்க அரிசி கொட்டிக் கிடந்தது. வந்தவர்கள் ஆசை தீராமல் படுக்கையறைக்கும் போய் இரும்பு அலுமாரியை நெம்பியிருக்கிறார்கள். உடுப்பு அலுமாரி சிதறிப் போயிருந்தது. இரும்பு அலுமாரியில் ஒரு கீறல். சந்தனப் பொட்டுக்கூட அழியவில்லை. உள்ளே வெறுமை பத்திரமாக இருந்தது.

தவமலர் சத்தம் போட்டு அழவில்லை. முழங்காலில் இருந்து அரிசியைக் கூட்டி அள்ளி, ஏதாவது ஒரு தோடாவது தட்டுப்படாதா என்று கையால் அளைந்து பார்த்தாள். தில்லையம்பலத்தாரும் பக்கத்தில் இருந்து அளைந்தார். கண்ணீரில் அவருக்கு அரிசியே தெளிவாகத் தெரியவில்லை. தன் ஆசையால் அவள் கழுத்து வெறுமையானதே என்ற வேதனை அவரை அன்றைக்குப் பிறகு விடவில்லை.

பொலிஸ் அறிக்கை எப்படியோ அனுமதி அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இனி எல்லாம் முடிந்தது, களவு போன வீடு என்று தள்ளிவிடுவார்கள் என்று தில்லையம்பலத்தார் நினைத்தார். மிஸ் கார்ட்ரைட் மகிழ்ச்சி பொங்க ரெலிபோனில் வந்தார். உங்கள் அலுமாரி நிஜமான தாக்குதலில் வெற்றி பெற்றிருக்கிறது, இது எங்களுக்கு அரிதாகக் கிடைக்கும் சான்று, எங்கள் ஆலோசனைப்படி நீங்கள் நகையை அகற்றியிராவிட்டால் உள்ளே பெறுமதியான பொருள் இருந்திருக்கும், எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள் என்றார். தில்லையம்பலத்தார் யோசித்துப் பார்த்தார். நன்றி சொன்னார்.

ஆறு மாதத்துப் பார்வையும் முடிந்து சேர்டிபிகேட் வந்தது. மீன் கீறிய துவக்கும் வீட்டுக்கு வந்தது. முதற் சனிக்கிழமை அவர் அதை உறையிலிட்டுத் தோளில் சுமந்துகொண்டு போய், வரிசையில் படுத்து, கன்னத்தை மரத்தில் வைத்தார். மூச்சை நிறுத்தினார். அந்த அமைதியும் பழையபடி வந்தது. ஆனால் வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு புகைதான் தெரிந்தது. இலக்குத் தெரியாமல் சுடக் கூடாது என்பது விதி. அவர் விதியை மதித்து, ஒரு குண்டும் சுடாமல் எழுந்தார். இடது கண் நல்லாகத்தானே இருக்கிறது, இடது தோளுக்கு மாறட்டுமா என்று பெம்பர்டனைக் கேட்டார். தாராளமாக என்றார் பெம்பர்டன். ஆனால் சங்கத்தின் விதிப்படி இடது தோள்காரர் புதிய உறுப்பினராகவே கருதப்படுவார், பயிற்சிக்காலம் முதலிலிருந்து தொடங்கும், கூரையில் வேறு மறுபடி ஒரு ஒழுக்கு என்று வருந்தினார்.

ஒரு வருடம் போனது, அதற்குள் இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. மிஸ் கார்ட்ரைட் ஆண்டுப் பார்வைக்கு வந்தார். துவக்கைக் காட்டச் சொன்னார். தில்லையம்பலத்தார் சாவியைத் தேடினார். அடிக்கடி இடம் மாற்று என்ற கட்டளைப்படி மாற்றி மாற்றி வைத்ததில், கடைசியாக எங்கே வைத்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. புத்தகங்களைத் தடவினார். சப்பாத்துகளைக் கவிழ்த்தார். சுவாமி அறையில் கைவிட்டுத் துழாவியதில் விபூதித் தட்டு விழுந்தது. அந்த நாளில் அவர் முகத்தில் இருந்த தவிப்பைக் கண்டால் கள்ளரும் இரங்கியிருப்பார்கள். மிஸ் கார்ட்ரைட் குசினி வாசலில் நின்ற தவமலரின் பக்கம் திரும்பி, சாவி எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தவமலர் தன் கணவரைப் பார்த்தாள். அவர் அவள் நின்ற திசையைத் தவறாகக் கணித்து வேறெங்கோ பார்த்தபடி, புத்தக அலுமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள்.

மிஸ் கார்ட்ரைட் பேனையை எடுத்தார். அவர் கண்களில் ஈரம் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு வீட்டை நான் கண்டதில்லை. கள்ளரால் திறக்க முடியவில்லை. மனைவியால் திறக்க முடியவில்லை. உரிமையாளராலும் திறக்க முடியவில்லை. எல்லாரும் உங்களைப் போல் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது."

துவக்கைப் பார்க்க வேண்டாமா என்று தில்லையம்பலத்தார் மெல்லிய குரலில் கேட்டார். திறக்க முடியவில்லை என்றால் உள்ளேதானே இருக்கிறது என்றார் அவர். ஒழுங்காகச் சுடுகிறாரா என்பதைக் கேட்காமலே மிகச் சிறப்பு என்று குறித்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, தவமலரின் வடையை மெச்சிவிட்டுப் புறப்பட்டார்.

வாசற்கதவு சாத்தப்பட்டதும் தவமலர் குசினிக்குள் போனாள். அரிசி வாளியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, சாவியை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் துடைத்தாள். களவு போன இடத்தில் இனி எவரும் தேட மாட்டார்கள் என்று அவர் அங்கே வைத்திருந்திருக்கிறார். தினமும் அரிசி போடுபவள் அவள். அதை வைத்த அன்றே அவளுக்குத் தெரியும். அவள் வந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"திறக்கட்டோ? ஒருக்காத் தடவிப் பாக்கலாம். அந்த மீன் கீறின இடத்தை."

தில்லையம்பலத்தார் சாவியைக் கையில் வைத்து நெடுநேரம் பொத்திக்கொண்டு இருந்தார். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்து அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம். திறந்தா நீர் சொன்னது பொய்யாப் போயிடும்."